ஆட்டத்தின் நடுவே ரோபோ செத்துப்போகிறது, விடிவதற்குள் காரணம் தெரியவேண்டும்

ஓட்டுநர்_இரண்டு · முதல் நாள், இரவு 8:10

எங்கள் பள்ளி அணி எஃப்.ஆர்.சி. போட்டியில் இருக்கிறது, பள்ளி அணிகள் கட்டிய ரோபோக்கள் களத்தில் ஆடும் போட்டி. முதல் நாள் முடிந்தது. பிட்டை, அதாவது அணிகள் ரோபோவைப் பழுதுபார்க்கும் இடத்தை, பூட்டிவிட்டார்கள், ரோபோ உள்ளே, நாங்கள் வெளியே. காலை 8 மணிக்குத்தான் திறப்பார்கள், எங்கள் முதல் ஆட்டம் 9:20க்கு.

இன்று ஏழு ஆட்டம் ஆடினோம். இரண்டாவது ஆட்டத்தில் எதிரணி ரோபோ ஒன்று பக்கவாட்டில் வந்து இடித்தது. எங்களுடையது அப்படியே நின்றுவிட்டது. ஏறக்குறைய 40 விநாடி கழித்து, யாரும் எதுவும் செய்யாமலே, மறுபடி ஓடியது. ஐந்தாவது ஆட்டத்திலும் இடி விழுந்தது, நின்றது. ஆட்டம் முடிய அரை நிமிடம்தான் இருந்தது, கடைசிவரை எழவே இல்லை. மற்ற ஐந்து ஆட்டங்களிலும் ஒரு குறையும் கிடையாது. பிட்டில் வைத்துத் தட்டினோம், குலுக்கினோம், நல்ல பிள்ளையாக ஓடுகிறது. பாட்டரியையும் மாற்றிப் பார்த்துவிட்டோம்.

நான் இரண்டாவது ஓட்டுநர், ரோபோவின் கையை இயக்குவது என் வேலை. ரோபோ நிற்கும்போது களத்துக்கு வெளியே, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஜாய்ஸ்டிக் குச்சியைப் பிடித்துக்கொண்டு நிற்பது எவ்வளவு கேவலமாக இருக்கும் என்று உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். யாராவது சொல்லுங்கள், காலையில் எதை முதலில் பார்ப்பது?

மூன்றாம்_கியர் · இரவு 8:22

பாட்டரிதான் தம்பி, சந்தேகமே வேண்டாம். கணக்கைப் பார். 12 வோல்ட், 18 ஆம்பியர் மணி ஈய அமில பாட்டரி. உள்தடை 0.02 ஓம் என்று வை. இடிபட்டுத் தள்ளுமுள்ளு நடக்கும்போது சக்கர மோட்டார்கள் எல்லாம் சேர்ந்து 200 ஆம்பியர் இழுக்கும். 200 பெருக்கல் 0.02, பாட்டரிக்குள்ளேயே 4 வோல்ட் போய்விட்டது. பழைய பாட்டரியாக இருந்து உள்தடை கூடியிருந்தால் இன்னும் மோசம். ரோபோவின் மூளையாக இருக்கும் கணினி முதல் தலைமுறை ரோபோரியோவாக இருந்தால் 6.3 வோல்டுக்குக் கீழே இறங்கியதும் மோட்டார்களை நிறுத்திவிடும். இடித்தால் நிற்கிறது, அப்புறம் எழுகிறது. கணக்கு சரியாக இருக்கிறதல்லவா?

ஓட்டுநர்_இரண்டு · இரவு 8:31

தம்பி இல்லை அண்ணா, தங்கை.

ஓட்டுகிற கணினி என்னிடம்தான் இருக்கிறது, ஆட்டத்தின் பதிவான லாக்கைத் திறந்து பார்த்தேன். நிற்பதற்குச் சற்று முன்வரை மிகக் குறைந்த மின்னழுத்தம் 9.4 வோல்ட். அதற்குக் கீழே இறங்கவே இல்லை. அப்புறம் கோடு அப்படியே அறுந்துவிடுகிறது, சரிவே இல்லை. அந்த நேரம் திரையில் தொடர்பு விளக்கு சிவப்பாக இருந்ததாக எங்கள் முதல் ஓட்டுநர் சொல்கிறான்.

மூன்றாம்_கியர் · இரவு 8:34

மன்னித்துவிடு தங்கச்சி. பாட்டரியிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். மின்னழுத்தம் சரிந்து மோட்டார் நின்றிருந்தால் தொடர்பு அறுந்திருக்காது. அதுவும் ஒரு நொடி, இரண்டு நொடிதான் நிற்கும், 40 விநாடி ஆகாது. என் கணக்கு சரி, கேள்விதான் தப்பு.

கம்பிக்காரி · இரவு 8:47

நான் பள்ளியில் நான்கு வருடம் மின்னியல் பக்கம் இருந்தவள். ஒன்று கேட்கிறேன். அந்த ஆட்டத்தை யாராவது வீடியோ எடுத்திருக்கிறார்களா? ரோபோ நின்ற நேரத்தில் மேலே இருக்கும் ஆரஞ்சு விளக்கு என்ன செய்தது என்று பார்த்துச் சொல். மின்னியதா, அணையாமல் நிலையாக எரிந்ததா, இல்லை அணைந்தே போனதா?

அந்த விளக்குக்கு யாரும் மரியாதை கொடுப்பதில்லை, ஆய்வுக்காக மாட்டுகிற சடங்கு என்று நினைக்கிறார்கள். ஆனால் ஆட்டக்களத்தில் ரோபோவின் நாடி அதுதான். இயங்க அனுமதி இருக்கும்போது மின்னும். ரோபோவுக்கு மின்சாரம் இருந்தும் இயக்கம் நிறுத்தப்பட்டிருந்தால் நிலையாக எரியும். மூளைக்கே மின்சாரம் போய்விட்டால் அணைந்துவிடும். இந்த மூன்றில் எது என்று தெரிந்தாலே தேடவேண்டிய இடம் பாதிக்கும் மேல் குறைந்துவிடும்.

வேடிக்கை_பார்ப்பவர் · இரவு 8:55

நான் ஓர் அப்பா. என் மகன் வேறோர் அணியில் இருக்கிறான், முதல் வருடம். நீங்கள் பேசுவதில் பாதி புரியவில்லை, ஆனாலும் மூட மனம் வரவில்லை. ஒரு சந்தேகம். பிட்டில் இவ்வளவு அனுபவசாலிகள் நிற்கிறார்களே, யாராவது பெரியவர் ஒருவர் ரோபோவைப் பிரித்துப் பார்த்துச் சரிசெய்துவிடக் கூடாதா? இந்தப் பிள்ளை ஏன் இரவில் தூங்காமல் கிடக்கவேண்டும்?

ஓட்டுநர்_இரண்டு · இரவு 9:12

அக்கா, தோழியின் அம்மா எடுத்த வீடியோ கிடைத்தது. கை கொஞ்சம் நடுங்கியிருக்கிறது, இருந்தாலும் தெரிகிறது. இரண்டு ஆட்டங்களிலும் ஒரே மாதிரி: மின்னிக்கொண்டிருந்த விளக்கு, இடி விழுந்ததும் நிலையாக எரிகிறது. அணையவில்லை.

கம்பிக்காரி · இரவு 9:20

அப்படிப் போடு. மூளை சாகவில்லை, செவிதான் அடைத்துப்போயிருக்கிறது. பாட்டரி, பெரிய பிரேக்கர், மூளைக்குப் போகும் மின்சாரம் மூன்றையும் விட்டுவிடலாம். தொடர்பு போனதும் ரோபோ பாதுகாப்புக்காகத் தானே இயக்கத்தை நிறுத்திக்கொண்டது, விளக்கு நிலையாக எரிந்தது. மிச்சம் இருப்பது களத்தோடு பேசும் ரேடியோவும் அதிலிருந்து மூளைக்கு வரும் ஈதர்நெட் கம்பியும்தான்.

இரண்டில் எது? 40 விநாடி என்றாயே, அதுதான் பதில். ஈதர்நெட் கம்பி ஒரு கணம் விட்டு ஒட்டியிருந்தால் சில நொடிகளில் தொடர்பு திரும்பியிருக்கும். ரேடியோவுக்கு ஒரு கண்சிமிட்டும் நேரம் மின்சாரம் போனாலும் அது முதலிலிருந்து எழவேண்டும், அதற்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும். ஐந்தாவது ஆட்டத்தில் ரோபோ எழாமல் போனதும் வேறு நோய் இல்லை. உங்களிடம் இருந்தது 30 விநாடி, அதற்குத் தேவைப்பட்டது 40.

குறிமுறை_கோபம் · இரவு 9:33

குறிமுறை எழுதுகிறவர்களைத் திட்டாமல் இவ்வளவு தூரம் வந்த முதல் இழை இதுவாகத்தான் இருக்கும். இருங்கள், கொஞ்சம் அழுதுவிட்டு வருகிறேன்.

கம்பிக்காரி சொல்வதை இன்னொரு வழியில் சரிபார்க்கலாம். இரண்டாவது ஆட்டத்தில் எழுந்த பிறகு குச்சியை முன்னால் தள்ளினால் ரோபோ களத்தின் முன்பக்கமாகவே போனதா, இல்லை கோணலாகப் போனதா? உங்கள் ஓட்டம் களத்தின் திசையை வைத்து இயங்குவதாக இருந்தால், மூளை மறுபடி தொடங்கியிருக்கும்போது அது நிற்கிற திசையையே புதிய ‘முன்பக்கம்’ என்று எடுத்துக்கொள்ளும். ஓட்டுகிறவருக்கு உடனே தெரிந்துவிடும்.

ஓட்டுநர்_இரண்டு · இரவு 9:41

கேட்டுவிட்டேன். சாய்ந்து நின்ற ரோபோ எழுந்ததும் நேராகவே போனதாம். திசை மாறவில்லை.

குறிமுறை_கோபம் · இரவு 9:43

அப்போது மூளை முழித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது. ரேடியோ மின்சாரம். என் பக்க வாதம் முடிந்தது.

பழைய_திருகு · இரவு 10:05

வழிகாட்டியாக இருந்து இருந்து முடி நரைத்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள். காலையில் பிட்டைத் திறந்ததும் உன் கூட்டாளிகள் எல்லாரும் ஒரே நேரத்தில் கையை உள்ளே விடுவார்கள். விடாதே. முதலில் ஒரு படம் எடு. பிறகு மின்சாரத்தை அணைத்துவிட்டு, ரேடியோவுக்குப் போகும் கம்பியை ஒருவர் மட்டும், இரண்டு விரலால், ஒவ்வொரு முனையிலும் இழுத்துப் பாருங்கள். மெதுவாக அல்ல. கோழி இறகு பிடுங்குகிற வேகத்தில். நீ இழுத்து வராத கம்பி இடித்தாலும் வராது. கழன்று வந்தால் சந்தோஷப்படு, எதிரி அகப்பட்டான்.

கம்பி முனை கவ்வியில் முழுசாகப் போயிருக்கிறதா என்று பார். நான் பார்த்தவரை கம்பி அறுந்து போவது அபூர்வம். தோலை அரைகுறையாக உரித்து, கவ்வி செம்பைப் பிடிப்பதற்குப் பதில் பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும். மேசைமேல் எல்லாம் வேலை செய்யும். பம்பர், பாட்டரி எல்லாம் சேர்ந்து 60 கிலோவைத் தாண்டும் ரோபோ ஒன்று ஓடிவந்து இடித்தால் சட்டகமே ஒரு கணம் வளையும், அந்த வளைவில் கம்பி ஒரு மயிரிழை நகரும். நீங்கள் பிட்டில் கையால் தட்டிப் பார்த்தது அந்த இடிக்கு முன்னால் தாலாட்டு.

எங்கள் காலத்தில் ஆறு வாரத்தில் ரோபோவைக் கட்டி, பெரிய பையில் போட்டு முத்திரை வைத்துவிடவேண்டும். போட்டி நாளில்தான் பிரிக்கலாம். 2020 பருவத்திலிருந்துதான் அந்த விதியை எடுத்தார்கள். அதனால் பழைய ஆட்களுக்கு பிட்தான் பட்டறை, நாடகமேடை, ஆஸ்பத்திரி எல்லாம். இப்போது உள்ளவர்கள் கொடுத்துவைத்தவர்கள், கடைசி வாரம்வரை பயிற்சி ஆடலாம். ஆனால் கம்பியை இழுத்துப் பார்க்கிற பழக்கம் மட்டும் எங்களோடு போய்விட்டது.

குறிமுறை_கோபம் · இரவு 10:11

பின்னால் இந்த இழையைத் தேடி வருகிறவர்களுக்காக ஒன்று. தொடர்பு இருந்துகொண்டே சில மோட்டார்கள் மட்டும் செத்துப்போனால் அது வேறு நோய், மூளையிலிருந்து மோட்டார்களுக்குக் கட்டளை கொண்டுபோகும் கேன் இணைப்பைப் பாருங்கள். மஞ்சள், பச்சைக் கம்பி. இரு முனையிலும் 120 ஓம் தடை இருப்பதால், மின்சாரத்தை அணைத்துவிட்டு அளந்தால் 60 காட்டவேண்டும். 120 காட்டினால் வழியில் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. சரி, நீங்கள் தொடருங்கள்.

ஆய்வு_மேசை · இரவு 10:30

அப்பாவின் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நான் போட்டிகளில் ரோபோக்களைச் சோதிக்கும் தன்னார்வலன். பெரியவர்கள் ரோபோவைத் தொடக்கூடாது என்று விதி எதுவும் கிடையாது. வழிகாட்டிகளும் மாணவர்களும் சேர்ந்து வேலை செய்வதற்காகவே டீன் கேமன் இதைத் தொடங்கினார். 1992 இல் முதல் போட்டி ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தபோது 28 அணிகள், அப்போதே பொறியாளர்கள் பிள்ளைகளோடு கூட நின்றார்கள். எவ்வளவு தொடுவது என்பது ஒவ்வோர் அணியின் விருப்பம்.

மூன்றாம்_கியர் · இரவு 10:38

விருப்பம் என்று சொல்லி எளிதாக விட்டுவிடாதீர்கள். ஒரு போட்டியில் எங்களுக்குப் பக்கத்துப் பிட்டில் நான்கு பெரியவர்கள் ரோபோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் அவர்கள் பின்னால் வரிசையாக நின்று கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரோபோ அருமையாக ஓடியது, மேலே போனார்கள். எந்த அணி என்று சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி எங்கள் பிட்டுக்கு வந்து, ‘நான் ஒரு ரிவெட் அடித்துப் பார்க்கலாமா’ என்று கேட்டாள். அதை இன்றுவரை மறக்கமுடியவில்லை.

பழைய_திருகு · இரவு 10:52

நானும் ஒருதரம் தவறியிருக்கிறேன். எலிமினேஷன், அதாவது வெளியேற்றுச் சுற்று ஆட்டத்துக்கு ஆறு நிமிடம். பையன் கையில் ஆலன் சாவி நடுங்குகிறது. பிடுங்கி நானே முடுக்கினேன். ஜெயித்தோம். அவன் அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. அடுத்த வருடம் அணிக்கும் வரவில்லை. வேறு காரணமும் இருந்திருக்கலாம், ஆனால் எனக்கு அது ஒன்றுதான் ஞாபகம் நிற்கிறது. அதற்குப் பிறகு பிட்டில் என் வேலை டார்ச் பிடிப்பது. நன்றாகப் பிடிப்பேன்.

வேடிக்கை_பார்ப்பவர் · இரவு 11:03

சரி ஐயா. இருந்தாலும் ஆறு நிமிடத்தில் நானாக இருந்தாலும் பிடுங்கியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. பிள்ளை அழுவதைப் பார்ப்பதைவிட அது மேல்.

பழைய_திருகு · இரவு 11:06

பிடுங்கியிருப்பீர்கள். உங்களைக் குறைசொல்ல என்னால் முடியாது.

ஓட்டுநர்_இரண்டு · இரண்டாம் நாள், காலை 8:26

கிடைத்துவிட்டான்!!!

அணைத்தோம், படம் எடுத்தோம், எங்கள் மின்னியல் பெண் இழுத்தாள், கம்பி அவள் கையோடு வந்துவிட்டது. ஐயா சொன்னது அப்படியே: கவ்விக்குள் பிளாஸ்டிக்கும் சேர்ந்து போயிருக்கிறது, செம்பில் நாலைந்து இழைதான் தொட்டுக்கொண்டிருந்தது. அதோடு கம்பி விறைப்பாக, பம்பர் தாங்கியின் மேலே ஓடுகிறது. இடி விழுந்தால் நேராக அதைத்தான் இழுக்கும். புதுக் கம்பி போடுகிறோம். கம்பி முனையை நசுக்கி இறுக்கும் எங்கள் கிரிம்பர் வாய் தேய்ந்துபோயிருக்கிறது, யாரோ ஒரு அண்ணன் அவர்களுடையதைக் கொடுத்துவிட்டுப் போனார். ஓடுகிறேன்.

கம்பிக்காரி · காலை 8:29

முனையில் ஃபெரூல் போடு, செம்பு இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சின்ன உலோகக் குழல். கொஞ்சம் தளர்வாக ஒரு சுருள் விட்டு, கவ்விக்கு முன்னாலேயே கேபிள் டையால் கட்டு. இழுப்பு டையோடு நிற்கவேண்டும், கவ்விக்குப் போகக்கூடாது. மற்ற முனைகளையும் இழுத்துப் பார்க்கச் சொல், ஒரு கம்பியை இப்படிப் போட்டவர் ஒன்றோடு நிறுத்தியிருக்கமாட்டார்.

ஓட்டுநர்_இரண்டு · பிற்பகல் 12:40

மூன்று ஆட்டம், இரண்டு வெற்றி, ரேடியோ ஒருமுறைகூட விடவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் நல்ல இடி விழுந்தது, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு விளக்கைப் பார்த்தேன், அது பாட்டுக்கு மின்னிக்கொண்டிருந்தது.

ஆனால் இரண்டாவது ஆட்டத்துக்குப் பிறகு கை உடைந்தது. தோள்பட்டைக்கு அருகில் அலுமினியக் குழாயில் விரிசல், எடை குறைப்பதற்காகப் போட்ட துளையிலிருந்து போல்ட் துளைவரை. அந்தத் துளையைப் போட்டது நான்தான். துளைபோட்ட அன்று, ‘பூப்போல இருக்கிறது’ என்று பெருமை வேறு.

அடுத்த ஆட்டத்துக்கு 17 நிமிடம். வரிசைக்கு அழைப்பதற்கு முன் கையில் இருப்பது அதற்கும் குறைவு. மாற்றுக் குழாய் இருந்தது, ஆனால் அதைப் போட சங்கிலி, பல்சக்கரம், உணரி எல்லாவற்றையும் கழற்றவேண்டும். அதனால் உடைந்த எலும்புக்குச் சிம்பு வைத்துக் கட்டுவதுபோல இரண்டு பக்கமும் தகடு வைத்து ரிவெட் அடிப்பது என்று முடிவு. எங்களிடம் தகடு ஒன்றுதான் இருந்தது. ஒலிபெருக்கியில் கேட்டார்கள். இரண்டு நிமிடத்தில் ஒரு பெண் தகட்டோடு ஓடிவந்தாள். அடுத்த ஆட்டத்தில் எங்களுக்கு எதிராக ஆடப்போகிற அணி! கொடுத்துவிட்டு, ‘சீக்கிரம் வாங்க, எதிரே ஆள் இல்லாமல் ஜெயித்தால் நல்லாவா இருக்கும்?’ என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் குழாயைப் பிடிக்க, ஒருவன் துளைபோட, இன்னொருவள் ரிவெட் அடிக்க, எங்கள் வழிகாட்டி நேரத்தை மட்டும் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எட்டு ரிவெட். எட்டாவது கோணல். ரோபோவைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டே பம்பரை மாட்டினோம். ஆட்டத்தில் கை ஆடியது, ஆனால் உடையவில்லை. அந்த ஆட்டத்தில்தான் தோற்றோம், தகடு கொடுத்தவர்களிடம்.

ஆய்வு_மேசை · பிற்பகல் 12:52

வாழ்த்துகள். இப்போது தலைமையாசிரியர்போல ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. துளை போட்டபோது கீழே இருந்த மின்னணுப் பலகையை மூடினீர்களா? அலுமினியச் சீவல் ஒன்று கட்டுப்படுத்திக்குள் விழுந்தால் ரேடியோ கதை திரும்பவும் வரும், இந்தமுறை புகையோடு. சட்டகத்துக்கும் பாட்டரிக்கும் மின்தொடர்பு ஏற்பட்டிருக்கிறதா என்றும் மீட்டரால் பார்க்கவேண்டும். அப்புறம் தகடு சேர்த்திருக்கிறீர்கள், எலிமினேஷனுக்கு முன் எடை போட்டு மறு ஆய்வு செய்யவேண்டும். எங்களைத் தேடி நீங்களே வந்துவிடுங்கள், நாங்கள் தேடிவந்தால் முகம் வேறு மாதிரி இருக்கும்.

வேடிக்கை_பார்ப்பவர் · பிற்பகல் 12:55

சீவலை எடுக்க என்னிடம் நல்ல காந்தம் ஒன்று இருக்கிறது, வேண்டுமா?

மூன்றாம்_கியர் · பிற்பகல் 12:56

ஐயா, அலுமினியத்தைக் காந்தம் பிடிக்காது. ஆனாலும் நீங்கள் பாதி பிட்காரர் ஆகிவிட்டீர்கள்.

ஓட்டுநர்_இரண்டு · பிற்பகல் 1:04

துண்டு போட்டு மூடினோம் சார், அப்புறம் சின்ன வாக்குவம் வைத்து உறிஞ்சினோம். எடை பார்த்தாயிற்று, எல்லைக்குள் 90 கிராம் மிச்சம். என் பூத்துளைகள் காப்பாற்றிவிட்டன, அவையே உடைத்தாலும்.

கூட்டணித் தேர்வு தொடங்கப்போகிறது, முன்னணி அணிகள் எலிமினேஷனுக்குக் கூட்டாளி அணிகளைக் கூப்பிடும் நேரம். நாங்கள் 21ஆம் இடம். எட்டுக் கூட்டணி, ஆளுக்கு மூன்று அணி, 24 பேருக்குத்தான் இடம். யாராவது கூப்பிட்டால் உண்டு.

ஓட்டுநர்_இரண்டு · இரவு 9:15

நேற்றிலிருந்து கூடவே இருந்தவர்களுக்காக எழுதுகிறேன், கண் சொக்குகிறது.

தேர்வின் இரண்டாம் சுற்று எட்டாவது கூட்டணியிலிருந்து முதலாவதை நோக்கித் திரும்பி வரும். ஒவ்வொரு பெயராகப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியாக, 24ஆவது ரோபோவாக, முதல் இடத்தில் இருந்த கூட்டணி எங்களைக் கூப்பிட்டது. எனக்கு முதலில் எங்கள் எண் என்றே உறைக்கவில்லை.

அதற்கு முன் அவர்கள் அணியிலிருந்து நோட்டம் பார்க்க ஒரு பையன் வந்திருந்தான். நேற்றுக் குறித்துவைத்த தாளில் எங்கள் எண்ணுக்கு எதிரே ‘இரண்டுமுறை நின்றது’ என்று இருந்தது. காரணம் தெரிந்ததா என்று கேட்டான். நான் பழைய கம்பியை எடுத்துக் காட்டினேன். நல்லவேளை, தூக்கிப்போடாமல் பையில் வைத்திருந்தேன். லாக், வீடியோ, புதுக் கம்பி எல்லாம் காட்டினேன். கையை நம்பவேண்டாம், தடுப்பாட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டேன். முதல் ஓட்டுநர் என் காலை மிதித்தான்.

தடுப்பாட்டம்தான் ஆடினோம். மற்ற இரண்டு ரோபோவும் புள்ளி எடுக்க, நாங்கள் எதிரே வருகிறவர்களின் வழியில் நின்று இடிவாங்குகிற வேலை. இடித்தால் செத்துக்கொண்டிருந்த ரோபோவுக்கு அந்த வேலை! ஒருமுறைகூட நிற்கவில்லை. இறுதிவரை போனோம், இறுதியில் தோற்றோம். மூன்றாவது ஆட்டம்வரை போய், நாலே புள்ளியில். பம்பர் துணி கிழிந்து உள்ளே மரம் தெரிகிறது.

கம்பிக்காரி · இரவு 9:24

அந்தக் கம்பியைத் தூக்கிப்போடாதே. அடுத்த வருடம் புதிதாக வருகிறவர்களின் கையில் கொடுத்து, இதில் என்ன தப்பு என்று கேள். பிளாஸ்டிக்கில் கவ்வி பதிந்த தடம் இருக்கும், பார்.

ஓட்டுநர்_இரண்டு · இரவு 9:31

இருக்கிறது அக்கா, இரண்டு பல் பதிந்த மாதிரி.

இன்னொரு விஷயம். காலையில் இரவல் வாங்கிய கிரிம்பர் எங்கள் பெட்டியிலேயே வந்துவிட்டது. நீலப் பிடி, ஒரு பக்கம் மஞ்சள் டேப். கொடுத்த அண்ணன் எந்த அணி என்று யாரும் பார்க்கவில்லை. மூடுவதற்கு முன் பிட் மேசையில் கேட்டேன், மூன்று அணியிடம் கேட்டுப் பார்த்தார்கள், மூன்றுமே தங்களுடையது இல்லை என்றன.

பழைய_திருகு · இரவு 9:40

எங்கள் பெட்டியிலும் அப்படி ஒரு மீட்டர் இருக்கிறது, ஒன்பது வருடமாக. ஒவ்வொரு போட்டிக்கும் கொண்டுபோய்க் கேட்கிறேன்.